எரிதத்தைப் பிரிக்கும் வடிகட்டிக்கு இரண்டு பக்கமும் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் தமிழர்கள் பலருக்கு அஞ்சல் மூன்று மொழிகளில் வருகிறது. வங்கி ஆங்கிலத்திலும், அரசாங்க அலுவலகம் மலாயிலும், பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தமிழிலும் எழுதுகின்றன. இவற்றுக்கு நடுவில்தான் பரிசு விழுந்திருக்கிறது, கடன் தயாராக இருக்கிறது, கணக்கு முடக்கப்பட்டது என்று எரிதங்கள், அதாவது கேட்காமலே வரும் வேண்டாத மின்னஞ்சல்கள் (ஸ்பேம்), வந்து குவிகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க மின்னஞ்சல் மென்பொருளை எப்படி ஆயத்தம் செய்வது என்பதை, இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டைக் கொண்டு விளக்குகிறேன்.

கணக்கு அமைப்புகளுக்குள் 'ஜங்க் செட்டிங்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. அதில் தகவமைக்கும் வடிகட்டியை, உங்களிடம் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே இயக்கிவிட வேண்டும். அது ஒரு நிமிட வேலை. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதால்தான் பலருக்கு வடிகட்டி பயன்படாமல் போகிறது. 1763ஆம் ஆண்டு, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்த பிறகு வெளியான நிகழ்தகவுத் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் இவ்வடிகட்டி, கடிதத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எரிதத்தில் எத்தனை முறை வந்தது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை அதற்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

எரிதத்தைத் தேர்ந்தெடுத்து 'ஜே' விசையை அழுத்தினால் அது எரிதம் என்று குறிக்கப்படும். ஷிப்ட் விசையுடன் சேர்த்து 'ஜே'யை அழுத்தினால் நல்ல கடிதம் என்று குறிக்கப்படும். நம்மவர்கள் முதலாவதை மட்டுமே செய்கிறார்கள். ரிங்கிட், அக்காவுன் (கணக்கு என்பதற்கான மலாய்ச் சொல்) போன்ற சொற்களை எரிதத்தில் மட்டுமே கண்டு பழகிய வடிகட்டி, வங்கியிலிருந்து உண்மையாகவே வரும் கடிதத்தையும் சந்தேகப்படுவதில் வியப்பில்லை. மலாயிலும் தமிழிலும் வரும் நல்ல கடிதங்களையும் அதற்குக் காட்டுங்கள். தப்பி வரும் பத்து எரிதங்களைவிட, பள்ளிப் பதிவுக்கான ஓர் அறிவிப்பு காணாமல் போவதே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

அதனால்தான், பிடிபட்டதை உடனே அழிக்கச் சொல்லாமல், தனி எரிதக் கோப்புறைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நாள்கள் கழிந்ததும் தானே அழிக்கும் வசதியும் உண்டு. வடிகட்டி தேறும்வரை அதைத் தொடாதீர்கள். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் கடிதங்களை எரிதமாகக் குறிக்காதே என்ற தேர்வு மிக உதவியானது. ஆனால் உங்கள் சொந்த முகவரி அந்தப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஏனெனில், உங்கள் பெயரிலேயே உங்களுக்கு அனுப்பியதுபோல் போலி முகவரி இட்டு வரும் எரிதமும் அந்த வழியாக நுழைந்துவிடும்.

இன்னொரு வடிகட்டி சேவை வழங்குநரிடமும் இருக்கிறது. ஜிமெயில் எரிதம் என ஒதுக்கியவற்றை 30 நாள்களில் தானே அழித்துவிடும். பாப் (POP) முறையில் அஞ்சலை இறக்கிக்கொள்பவர்களின் கணினிக்கு அவை வருவதே இல்லை. ஆகவே அவ்வப்போது உலாவி வழியாக அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

வருமான வரி தாக்கல் செய்யும் பருவத்தில், வரிப்பணம் திருப்பித் தரப்படும் என்று கவனமாக எழுதப்பட்ட மோசடிக் கடிதத்தை எந்த வடிகட்டியும் தவறவிடக்கூடும். அனுப்புநர் முகவரியைப் போலியாக இடமுடியும் என்பதால், அதை மட்டும் நம்பி இணைப்பைத் தட்டாமல், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் மலேசியாவின் தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள். அறிமுகமில்லாத கடிதத்தில் இணையத்திலிருந்து எடுத்துக் காட்டப்படும் படங்களைத் தண்டர்பேர்ட் தானாக இறக்காது. அதைத் தளர்த்த வேண்டாம், படம் இறங்கினாலே கடிதம் திறக்கப்பட்டது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடக்கூடும்.

பிள்ளைகள் விளையாட்டாக எதையெதையோ குறித்து வடிகட்டி குழம்பிப்போனால், பயிற்சித் தரவை முழுவதும் அழிக்கும் பொத்தான் அமைப்புகளில் இருக்கிறது. அழித்துவிட்டு, நல்லதும் கெட்டதுமாகச் சில டசன் கடிதங்களைக் குறித்து மீண்டும் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.