எட்டுக் கழி, அரை மைல் வேகம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் வடக்குப் பகுதியில் அர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரனேடா என்று நான்கு பெரிய ஏரிகள் இருக்கின்றன. ஏரி என்று சொன்னாலும் நான்குமே அணை கட்டித் தேக்கியவைதான். 1927-இல் மிசிசிப்பி ஆறு ஊர் ஊராக மூழ்கடித்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று ராணுவப் பொறியாளர் படை அடுத்தடுத்துக் கட்டிய வெள்ளத் தடுப்புத் தேக்கங்கள் இவை. சார்டிஸ் அணை 1940-இல் முடிந்தது, கிரனேடா 1954-இல். குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஏரியை இறக்கி வைப்பார்கள். வசந்த மழைக்கு ஏரி மறுபடி ஏறும். தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக, பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறத்தில் இருக்கும்.

மார்ச் மாதத்தில் இந்த ஏரிகளுக்குப் போனால் வித்தியாசமான படகுகளைப் பார்க்கலாம். முன்பக்கம் இரண்டு நாற்காலிகள். இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே எட்டு நீளமான தூண்டில் கழிகள், விசிறியை விரித்ததுபோலத் தாங்கிகளில் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 12 அடி, 14 அடி, சிலரிடம் 16 அடி. படகு நிற்கிறதா நகர்கிறதா என்று கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. கால்களை விரித்த சிலந்தி என்று சொல்லத் தோன்றும். அந்த ஊர்க்காரர்களும் இந்த முறையை ‘ஸ்பைடர் ரிக்கிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதைப் பார்க்கிறவர்கள் உடனே கேட்பது, “இரண்டு பேருக்கு எதற்கு எட்டுத் தூண்டில், இவ்வளவு பேராசையா?” என்பதுதான். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். எட்டுக் கழியும் தேடுவதற்கு. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் வரும் இரையைக் கடிக்கிறது, இந்த இரண்டையும் கண்டுபிடிக்கிற வேலை அது. கண்டுபிடித்துவிட்டால் பிடிப்பது சுலபம்.

தேடப்படுவது கிராப்பி என்ற நன்னீர் மீன். உள்ளங்கையை விரித்ததுபோலத் தட்டையான உடம்பு, வெள்ளியில் கரும்புள்ளிகள். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இரண்டு வகை. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவோம். முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ண வேண்டும். வெள்ளைக்குப் பெரும்பாலும் ஆறு, கறுப்புக்கு ஏழு எட்டு. கலங்கல் தண்ணீருக்கு ஈடுகொடுப்பது வெள்ளை. உலகிலேயே பெரிய வெள்ளைக் கிராப்பி என்று பதிவாகியிருப்பதும் இதே ஈனிட் ஏரியில் 1957 ஜூலையில் பிடிபட்ட மீன்தான். 5 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது இரண்டேகால் கிலோவுக்கும் சற்று மேல். இத்தனை வருடமாகியும் அதை யாரும் முந்தவில்லை.

இந்த மீனைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒன்று, அது மேலே பார்த்துத் தின்னும் மீன். கண்கள் தலையில் உயரத்தில் இருக்கின்றன. தனக்கு மேலே போகிற இரைக்கு எழும்பி வரும். கீழே போகிறதற்குக் குனிந்து வருவது அபூர்வம். மீன் பத்தடியில் இருந்தால் இரை ஒன்பதடியில் போகலாம், பன்னிரண்டில் போனால் வீண். இரண்டாவது, அதன் வாய்த் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. வெடுக்கென்று சுண்டினால் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் கழி நீளமாகவும் நுனி இளக்கமாகவும் இருக்கிறது. மீன் துள்ளும் துள்ளலை நுனியே வாங்கிக்கொள்ளும்.

சரி, எப்படித் தொடங்குவது? எட்டுத் தூண்டில் நரம்பையும் வெவ்வேறு ஆழத்தில் விடுவார்கள். இரண்டு கழி ஆறடியில், இரண்டு எட்டடியில், இரண்டு பத்தில், இரண்டு பன்னிரண்டில். ஆழத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். முள்ளைப் பிடித்து, கழியின் அடியில் நரம்பு சுற்றியிருக்கும் ரீல் வரைக்கும் கொண்டுவந்தால், வெளியே இருக்கும் நரம்பு ஏறக்குறைய கழியின் நீளம். அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் எட்டடிக் கழிகள் மட்டும் இரண்டு மூன்று முறை வளைந்தால் சேதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மற்ற ஆறையும் எட்டடிக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு நரம்பிலும் இரண்டு முள், நடுவில் அரை அவுன்ஸ் ஈயம், அதாவது சுமார் 14 கிராம். காற்று பலமாக இருந்தால் முக்கால், ஒன்று என்று ஏற்றுவார்கள். ஈயத்துக்கு மேலே ஒரு முள், கீழே ஒரு முள், இரண்டிலும் உயிருள்ள குஞ்சு மீன். டென்னசி மாநிலத்தின் ரீல்ஃபுட் ஏரிப் பக்கத்து ரோனி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் என்ற ஜோடி கிராப்பிப் போட்டிகளில் பல பட்டங்களை இப்படிக் கட்டித்தான் வென்றது. இந்தக் கட்டு அவர்கள் பேராலேயே கடைகளில் விற்கிறது. ரீல்ஃபுட் 1811-12 நிலநடுக்கத்தில் தரை அமிழ்ந்து உண்டான ஏரி. அடியெங்கும் சைப்ரஸ் மரக்கட்டைகள். அங்கே மெல்லிய கம்பியால் செய்த முள்தான் நல்லது. கட்டையில் மாட்டினால் மெதுவாக இழுக்க, முள் நிமிர்ந்து விடுபட்டுவிடும். குறட்டால் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். கனத்த முள் போட்டவர் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி வேகம். என் கணக்கில் இந்தக் கலையின் பாதி இதில்தான் இருக்கிறது. படகின் முன்னால் இருக்கும் சின்ன மின்மோட்டார் மணிக்கு அரை மைல் வேகத்தில் தள்ளுகிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதிலும் பாதி. குழந்தை தவழுகிற வேகம்கூட இல்லை. ஏன் இவ்வளவு மெதுவாக? நரம்பு நேராகக் கீழே தொங்க வேண்டும். வேகம் கூடினால் நரம்பு பின்னால் சாய்ந்து இரை மேலேறிவிடும். எட்டடி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், இரை ஆறடியில் போய்க்கொண்டிருக்கும். எட்டுக் கழி வைத்துச் சேகரித்த தகவலெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே அனுபவசாலிகள் வேகத்தைக் காட்டும் திரையைப் பார்ப்பதைவிட நரம்பு தண்ணீரைத் தொடும் கோணத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

காற்றடித்தால் படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்துத் தள்ளுவது வழக்கம். காற்றே தடையாக நின்று வேகத்தைக் கட்டுப்படுத்தும். காற்று முதுகில் அடித்தால் பிரச்சினை, படகு ஓடிவிடும். அதற்கு இரும்புச் சங்கிலியைத் தண்ணீரில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. துணிப்பை ஒன்றைப் பாராசூட் மாதிரித் தண்ணீருக்குள் விரித்து இழுக்கிறவர்களும் உண்டு.

படகு திரும்பும்போது கவனியுங்கள். வெளிப்பக்கக் கழிகள் கூடுதல் தூரம் போக வேண்டும், அதனால் வேகமாகப் போகும், இரை கொஞ்சம் உயரும். உள்பக்கக் கழிகள் கிட்டத்தட்ட நின்றுவிடும், இரை இறங்கும். திருப்பத்தில் எந்தப் பக்கம் கடி விழுகிறதோ அதுதான் மீனின் பதில். வெளிப்பக்கம் விழுந்தால் வேகத்தைக் கூட்டு, உள்பக்கம் விழுந்தால் குறை. வேண்டுமென்றே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறவர்கள் இதற்காகத்தான் போகிறார்கள்.

கடி எப்படித் தெரியும்? நுனி கீழே வளைவது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. ஈயத்தின் கனத்தால் நுனி எப்போதும் லேசாகக் குனிந்தே இருக்கும். கீழேயிருந்து எழும்பி வந்த மீன் இரையை வாயில் கவ்விக்கொண்டு மேலேயே போனால் அந்தக் கனம் இல்லாமல்போகும். நுனி நிமிரும், நரம்பு தொய்யும். புதியவர் “ஒன்றுமில்லையே” என்று பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கும் பழையவர் கையை நீட்டி அவருடைய கழியைத் தூக்கிவிடுவார். படகில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தூக்குவதும் சுண்டலாக இருக்கக் கூடாது. கழியைத் தாங்கியிலிருந்து எடுத்து மெல்ல உயர்த்தினால் போதும். நீளப் பிடி வைத்த கைவலையை அடியில் கொடுத்து எடுத்துவிட வேண்டும். மீனை நரம்போடு படகுக்குள் தூக்கிப் போடப் பார்த்தால் பாதி மீன் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

வசந்தத்தில் தண்ணீர் 16, 18 டிகிரி செல்சியஸ் வந்ததும் மீன் முட்டையிடக் கரையோரப் புதர்களுக்குள் நுழைந்துவிடும். அப்போது எட்டுக் கழிப் படகு அங்கே போக முடியாது. ஒற்றைக் கழியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். கோடையில் கதையே வேறு. மணிக்கு ஒன்றரை மைல், இரண்டு மைல் என்று ஓட்டி, மீன் வடிவப் பொய்யிரைகளைப் பின்னால் இழுத்துப் பிடிப்பார்கள். அது எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. மோட்டாருக்குத்தான் வேலை.

விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஏரிக்கு ஏரியும் மாறும். மினசோட்டாவில் கோடையில் ஓர் ஆளுக்கு ஒரே நரம்புதான், எட்டுக் கழிக்கு அங்கே இடமே கிடையாது. தெற்கே கழிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்த ஏரிகள் பல, ஒன்றும் வைக்காதவையும் உண்டு. போகிறவர்கள் உரிமம் வாங்கும்போதே அந்த வருடத்து விதியையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, இப்போதைய பெரிய தகராறு. 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற ஒலியலைக் கருவியைக் கொண்டுவந்தது. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த நொடியிலேயே திரையில் காட்டிவிடும். மீன் தெரியும், உங்கள் இரை தெரியும், மீன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவதும் தெரியும். ஒரே கழியோடு நின்று, பெரிய மீனாகப் பார்த்து அதன் தலைக்கு மேல் இரையை இறக்குகிறார்கள். போட்டிகளில் இதுதான் இப்போது ஜெயிக்கிறது. எட்டுக் கழி பேராசை என்று சொன்னவர்களே இந்த ஒற்றைக் கழியைப் பார்த்து, “மீனுக்கு ஒளிய இடமே இல்லையே” என்கிறார்கள். பெரிய மீன்களையே தேர்ந்தெடுத்து எடுத்தால் ஏரி தாங்குமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கருவிக்கு விலை ஆயிரக்கணக்கான டாலர். பழைய கழிகளையும் தாங்கிகளையும் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். தவிர, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரோடு பேச முடியாது. எட்டு நுனியைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஊர்க்கதை பேசலாம். என் ஓட்டு அந்தப் படகுக்குத்தான்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.