"இன்னும் சின்னப் பிள்ளையா நீ?"

(சேலத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் கொலுசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடையில் கொலுசு மாட்டிப் பார்க்கும்போது, பிள்ளை பெற்ற பிறகும் சில பெண்கள், விரல் பட்டதும் கூச்சம் தாங்காமல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். உடனே கூட வந்தவர், "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்பார். அந்தக் கேள்வியே தப்பு. தொட்டால் வரும் இந்தக் கூச்சம் சின்னப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை.

இந்தக் கூச்சத்தில் இரண்டு வகை உண்டு: எறும்பு ஊர்வது மாதிரி லேசாகக் கூசுவது ஒன்று, விலாவில் விரலை அழுத்தி ஆட்டினால் சிரிப்பு பீறிட்டு வருவது இன்னொன்று. ஸ்டான்லி ஹால், ஆர்தர் அலின் என்ற உளவியலாளர்கள் 1897-லேயே இவற்றைப் பிரித்துத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவது வகையை நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது. ஏனென்றால் நம் கை அசையும்போதே, எங்கே எப்போது படப்போகிறது என்று சிறுமூளை கணித்து, அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் 1998-ல் மூளையைப் படம் பிடித்து இதைக் காட்டினார்கள். அப்புறம் அவர்கள் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: நம் கை அசைவை ஒரு இயந்திரக் கை வாங்கி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தாமதித்து நம் உள்ளங்கையில் தடவினால், செய்வது நாமேதான் என்றாலும் கூச்சம் கூடிவிடுகிறது!

அடுத்தவர் விரலை நம் மூளை அப்படிக் கணிக்க முடியாது, நாற்பது வயதானாலும் முடியாது. வயிற்றைத் தொட்டாலே நெளிகிறவரைச் சோதிக்க, அவர் கையையே வயிற்றில் வைக்கச் சொல்லி அதன் மேல் தன் கையை வைத்து அழுத்துகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். கூச்சம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, ஏன் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு? தோலின் தொடு நரம்பு முனைகள் வயதாக ஆகக் குறைகின்றன, அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மனநிலைக்கும் பங்கு உண்டு. 2016-ல் பெர்லினில் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார்கள், நம் காதுக்கு எட்டாத மீயொலியில் அவை கீச்சிட்டன, உயரமான மேடையில் ஏற்றிப் பயமுறுத்தியதும் அந்தச் சத்தம் குறைந்துபோனது.

ஆனால் சிரிப்பு வந்தால் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள், நான் இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். கலிபோர்னியாவில் கிறிஸ்டீன் ஹாரிஸ் செய்த சோதனையில், இயந்திரம்தான் தொடுகிறது என்று நம்பியவர்களும், மனிதர் தொடும்போது சிரித்த அளவுக்கே சிரித்தார்கள். பிடிக்கவில்லை என்பவருக்கும் அந்தச் சிரிப்பு வரும், அடக்க முடியாது. மாமா, சித்தப்பா எல்லாரும் இருக்கிறீர்கள், குழந்தையானாலும் பெரியவரானாலும் "வேண்டாம்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாலும், கையை எடுத்துவிடுங்கள்.