பாளயத்துக்குப் புறம்பே

(பெங்களூருவில் ஒரு தமிழ்ச் சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆயர் ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், வந்திருக்கிற பெரியவர்களுக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மனநலப் பிரிவில் 16 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன் என்பதால் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனால் நான் பேசப்போவது அல்சூரில் ஒரு சாப்பர் (ராணுவப் பொறியாளர் படை வீரர்) வீட்டில் வளர்ந்த மகளாக. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரே பிரித்துக் கொடுத்தார்.

அப்பா புல்லில் நடக்கமாட்டார். சின்ன வயதில் எங்களைக் கப்பன் பார்க்குக்குக் கூட்டிப்போவார். நாங்கள் புல்தரையில் இறங்கி ஓடினால் "நில்லு, அசையாதே!" என்று கத்துவார். பார்க்குக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. தீபாவளி வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து விட்டுவிடுவார். தண்ணீர்ச் சத்தத்தில் வெடிச்சத்தம் அமுங்கும். தண்ணீர் வீணாகிறதே என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்க இலங்கைக்குப் போன இந்தியப் படை அக்டோபரில் யுத்தத்தில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசி வீரரும் திரும்பியபோது, ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே மாண்ட பொதுமக்களுக்கும் வீடுகளில் அழுகிற தாய்மார் உண்டு, அவர்களையும் நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அந்தப் படையில் அப்பாவின் வேலை யாழ்ப்பாணத்துப் பாதைகளில் கண்ணிவெடி தேடுவது. முழங்காலில் இருந்து, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி, ஒவ்வொரு சாணாக முன்னே நகரவேண்டும்.

மெட்ராஸ் சாப்பர் வீரர்களைப் பட்டாளத்தில் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள். அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். யாழ்ப்பாணத்தில் இடிந்த ஒரு வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மா அப்பாவைப் பார்த்து, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டார். அதற்கு மேல் நடந்தது அப்பா சொல்லக் கூடாது என்று பிரித்துவைத்த பக்கத்தில் இருக்கிறது. அதன்பிறகு அந்தச் சொல்லை யார் சொன்னாலும் அவர் முகம் மாறும். நாளைக்கு நூறு தடவை "தம்பி" என்று கூப்பிடுகிற இடத்தில்தான் அவர் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தம், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. முதல் உலகப் போரில் இதைக் குண்டதிர்ச்சி என்றார்கள், கோழைத்தனம் என்றும் சொன்னார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதும் ஒரு காரணமாக, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது ஒரு நோயாக இடம்பிடித்தது. நடந்து முடிந்தது முடிந்துவிட்டது என்று உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. கெட்ட கனவு வரும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும், பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் மனம் மரத்திருக்கும். வியட்நாம் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மருத்துவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இன்னொன்றையும் கவனித்தார்கள். பயத்தால் வருகிற காயம் ஒன்று. சரி என்று நம்பியதற்கு விரோதமான காரியத்தில் கை வைத்ததால், அல்லது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்ததால், மனச்சாட்சியில் விழுகிற காயம் வேறொன்று. முதல் காயத்துக்கு மாத்திரையும் மனநலச் சிகிச்சையும் நிச்சயம் உதவும். இரண்டாவதை நான் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மருந்தில் தூக்கம் வந்துவிடும், ஆனால் விழித்ததும் அந்த மனிதர், "சிஸ்டர், எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி டாக்டருக்கானது அல்ல. அது சபையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

சபை என்ன பதில் சொல்லியது? வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரு ஜெபக்கூட்டத்தில் அப்பாவை முன்னால் நிறுத்தி, இது அசுத்த ஆவி என்று சத்தம் போட்டார்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார்கள். மூன்று வாரம் அவர் மாத்திரையை நிறுத்தினார். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அம்மா இன்றும் பேசமாட்டார். இன்னொரு இடத்தில் அன்போடுதான் கேட்டார்கள், "பிரதர், கர்த்தர் உங்களை யுத்தத்திலிருந்து காப்பாற்றியதைச் சாட்சி சொல்லுங்கள்." பக்கத்தில் இருந்த கூட்டாளியை ஏன் காப்பாற்றவில்லை என்று உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர் என்ன சாட்சி சொல்வார்?

வேதம் நம்மைவிடப் பொறுமையுள்ளது. எண்ணாகமம் 31-ஆம் அதிகாரம் வாசிக்கவே மனம் நடுங்குகிற அதிகாரம், அதில் நடந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் யுத்தம் முடிந்து வந்தவர்களுக்கு அங்கே ஒரு கட்டளை இருக்கிறது: ஏழுநாள் பாளயத்துக்குப் புறம்பே, அதாவது முகாமுக்கு வெளியே, தங்குங்கள். ஜெயித்து வந்தவர்களுக்குத்தான் இது. மேளம் கொட்டி நேரே வீட்டுக்குள் கூட்டிப்போகவில்லை. மனித உயிரைக் கொன்ற கை உடனே குழந்தையைத் தூக்க முடியாது, இடையில் நாள் வேண்டும் என்று அந்தப் பழைய சமுதாயத்துக்குத் தெரிந்திருந்தது. நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியார், போரில் கொன்றவர்கள் மூன்று வருடம் திருவிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது என்று எழுதினார். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் யுத்தம் முடிந்தபின், கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடம் தவம் என்று ஜெயித்த படைக்கே விதித்தார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். "நீ செய்தது ஒன்றுமில்லை, மறந்துவிடு" என்று அவர்கள் சொல்லவில்லை. நடந்தது பெரிய காரியம், அதற்கு முடிவு உண்டு, முடிவில் உனக்கு இங்கே இடமும் உண்டு என்றார்கள். நாம் அப்பாவுக்கு ஏழு நாள்கூடக் கொடுக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கிய மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றார்.

அப்பாவுக்கு அந்த நாட்களைக் கொடுத்தவர் அப்போது இங்கே ஊழியம் செய்த வயதான ஆயர் ஒருவர். வியாழக்கிழமைதோறும் மாலையில் சைக்கிளில் வருவார். திண்ணையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். அம்மா காபி கொடுப்பார். அவ்வளவுதான். கை வைத்து ஜெபிக்கவில்லை, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றுகூடக் கேட்கவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியில் ஏறிவிடும். இது ஏறாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று இருட்டிலேயே முடியும். வாசித்துவிட்டு ஆயர் புத்தகத்தை மூடினார். அப்பா, "இது பைபிள்ல இருக்குதா ஐயா?" என்று கேட்டார். சபையில் அதை யாரும் வாசித்து அவர் கேட்டதில்லை.

அன்றைக்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திண்ணைப் பக்கம் போகவேண்டாம் என்று அம்மா எங்களைப் பின்கட்டில் உட்காரவைத்துவிடுவார். அதே ஆயர்தான் மருத்துவமனைக்கும் கூடப் போனார், மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வைத்தார். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவைத்தான் என்று சொல்லிச் சொல்லியே மாத்திரையைக் கையில் கொடுப்பாராம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் ஒன்றில் 51-ஆம் சங்கீதத்தை அப்பாவையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்ற இடத்தில் அப்பா நின்றுவிட்டார். ஆயர் அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தார். அந்த வருடம் ஈஸ்டர் அன்று அப்பா திருவிருந்து எடுத்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

இதைக் கேட்டு அவர் முழுச் சுகம் அடைந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கனவு குறைந்தது, நிற்கவில்லை. உயிர்த்தெழுந்த கர்த்தருடைய கைகளிலேயே ஆணிக் காயங்கள் இருந்தன, தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார். தழும்பு இருக்கிறது என்பதால் விசுவாசம் குறைவு என்று நாம் யாரிடமும் சொல்லமுடியாது.

நம்முடைய இந்த ஊரே 1809-இல் வந்த பாளயம்தானே. கன்டோன்மென்ட்டைப் பெரியவர்கள் "தண்டு" என்பார்கள். பட்டாளத்தின் பின்னால்தான் நம்மில் பலருடைய பாட்டன்மார் இங்கே வந்தார்கள். இந்தச் சபையில் கார்கிலுக்குப் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள், காஷ்மீரில் வருடக்கணக்கில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். எபிரெயர் நிருபத்தில் நமக்கு எழுதியிருக்கிறது: "ஆகையால், நாம் அவருடைய நிந்தையைச் சுமந்து, பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் புறப்பட்டுப்போகக்கடவோம்." புறம்பே நிற்கிறவரை உள்ளே இழுப்பது அல்ல, நாம் எழுந்து வெளியே போவது. இயேசு அங்கேதான் இருக்கிறார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன், எங்கள் திண்ணையில் அவரைக் கண்டதினால்.

சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருடக் கடைசி ராத்திரி ஆராதனையில் வாலிபர்கள் பட்டாசு வெடிப்பதானால், முன்கூட்டியே இன்ன நேரம் என்று அறிவியுங்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கைகளைப் போர்முனையிலிருந்து வந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள், பின்னால் ஆள் இருப்பதை அவர்களால் தாங்கமுடியாது. யாருடைய வீட்டிலாவது ராத்திரி கஷ்டமாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், பணம் கிடையாது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். என்ற அரசு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாகப் போகத் தயங்குகிறவரோடு யாராவது ஒருவர் கூடப் போங்கள்.

அப்பா இன்றைக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில், கதவோரம். திரும்பிப் பார்க்கவேண்டாம். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்து காபி கொடுக்கும்போது உங்களில் யாராவது ஒருவர் அங்கே போய் உட்காருங்கள். ஒன்றும் கேட்கவேண்டாம்.