மேலூரில் எடுத்த ரத்தம் மதுரை வந்து சேர்வதற்குள்

[காட்சி: ஊதா மூடி போட்ட டியூப். பின்னால் சுவர்க் கடிகாரம், காலை 7.30.]

மேலூரில் ஒரு ரத்தச் சேகரிப்பு மையம். பெரியவர் ஒருவரின் கையிலிருந்து ரத்தம் இந்த டியூபுக்குள் இறங்குகிறது. மதியம் பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்கு வரும். ஆய்வகம் போய்ச் சேர மாலையாகிவிடும். அதுவரை டியூபுக்குள் என்ன நடக்கிறது?

புற்றுநோய்க் கட்டியில் செத்து உதிரும் செல்கள் தம் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக ரத்தத்தில் விடுகின்றன. ஒரு துண்டு சுமார் 166 எழுத்து நீளம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் அவற்றைத் தேடும் சோதனைக்காகத்தான் இந்த ரத்தம். நுரையீரல் புற்றுநோய்க்கான இவ்வகைச் சோதனை ஒன்றுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

[காட்சி: டியூபின் உட்புறம், வரைபடம்.]

சிக்கல் வெள்ளையணுக்களால் வருகிறது. டியூபில் இருக்கும் இடிடிஏ என்ற ரசாயனம், ரத்தம் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். அணுக்களின் ஆயுளைக் கூட்டாது. நேரம் போகப் போக வெள்ளையணுக்கள் உடைந்து தம் டிஎன்ஏவைக் கொட்டுகின்றன. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் துண்டுகளில் ஒன்று கட்டியினுடையது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையணுக்கள் இன்னும் ஒன்பதாயிரத்தைச் சேர்த்துவிட்டால் அது பத்தாயிரத்தில் ஒன்று. கட்டி சுருங்கவில்லை, அதன் தடயம்தான் கூட்டத்தில் மறைந்துபோனது. அதனால்தான் இடிடிஏ டியூபை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும் என்கிறார்கள். வெள்ளையணுக்கள் உடையாமல் காக்கும் தனி டியூப்களும் உண்டு. பல நாள் தாங்கும், விலைதான் கூடுதல்.

வெயிலுக்குப் பயந்து டியூபை நேராக ஐஸ் கட்டிமேல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழில் ரத்தம் கட்டியாவதும் உறைதல், தண்ணீர் ஐஸாவதும் உறைதல். இடிடிஏ தடுப்பது முதலாவதை மட்டுமே. ஐஸாக உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும்.

[காட்சி: டியூபைச் சுழற்றும் இயந்திரமான சென்ட்ரிஃபியூஜ் நிற்கிறது. டியூப் மிக அருகில்.]

முதல் சுழற்சி, புவியீர்ப்பைப் போல சுமார் 1,600 மடங்கு விசையில் பத்து நிமிடம். பாருங்கள்: மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, நடுவே பாலாடை போல மெல்லிய வெள்ளைப் படலம். வெள்ளையணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. பிளாஸ்மாவை உறிஞ்சும் குழாயான பிப்பெட்டின் முனை அதைத் தொட்டால் போச்சு. கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச ஆசை வரும். வேண்டாம், அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவிடுங்கள். எடுத்ததை வேறு டியூபுக்கு மாற்றி, 16,000 மடங்கு விசையில் இன்னொரு சுற்று. தப்பி வந்த அணுக்கள் அடியில் படியும்.

பயிற்சிக் காலத்தில் நான் ஒரு டியூபை மோர் கடைவது போலக் குலுக்கிவிட்டேன். பிளாஸ்மா ரோஸ் நிறத்தில் வந்தது, சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். சிவப்பணு உடைந்தால் டிஎன்ஏ சோதனை மட்டும் கெடுவதில்லை. நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்குப் பார்க்கும் என்எஸ்இ என்ற புரதம் சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. அணு உடைந்தால் அளவு பொய்யாக ஏறும். நோய் முற்றிவிட்டதோ என்று வீடே கலங்கும்.

[காட்சி: டியூபில் ஒட்டிய சீட்டு. 'காலை' என்று மட்டும் எழுதியிருக்கிறது.]

ரத்தம் கொடுப்பவர் நீங்களானால், இந்தச் சீட்டை ஒருமுறை பாருங்கள். இப்படி எழுதியிருந்தால், மணியையும் நிமிடத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்.