லாம்டாவுக்கு மட்டும் தனி வாசல்

எல்லோருக்கும் வணக்கம். ஃப்ளூ வந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலிக்கிறது இல்லையா? பழியை வைரஸ் மேல் போடுகிறோம். அதில் நம் உடம்பின் கைவரிசையும் உண்டு. வைரஸ் புகுந்ததும் நம் செல்கள் வெளியே விடும் ஒரு புரதம் அது. பெயர் இன்டர்ஃபெரான்.

1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். அப்புறம் அந்தத் திரவத்தைப் புதிய சவ்வில் விட்டார்கள். அதில் உயிருள்ள வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. வைரஸின் வேலையில் குறுக்கிடும் ஏதோ ஒன்று திரவத்தில் இருந்தது. அதுதான் இன்டர்ஃபெரான்.

வேடிக்கை என்னவென்றால், இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே இல்லை. வைரஸ் புகுந்த செல் அதை வெளியே விடும். அது பக்கத்துச் செல்லின் ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தில், போய் ஒட்டும். ஏற்பியின் இரு துண்டுகள் நெருங்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்-1, டைக்-2 நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டைப் பொருத்தும். அவை உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கும். அப்படி உருவாகும் புரதங்களில் ஒன்று, வைரஸ் செல்லுக்குள் நுழையும் இடத்திலேயே அதன் உறை செல் சவ்வோடு இணையவிடாமல் தடுக்கும். இன்னொன்று வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்டும் கத்திரியைத் தூண்டும். அந்தக் கத்திரி செல்லின் சொந்த ஆர்.என்.ஏ.வையும் விட்டுவைக்காது. அவ்வளவு மூர்க்கம்!

இன்டர்ஃபெரானின் ஆல்ஃபா, பீட்டா வகைகளுக்கான ஏற்பி கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அதனால்தான் ஒரு காலத்தில் கல்லீரல் அழற்சிக்கு ஆல்ஃபா ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஃப்ளூ இல்லாமலே ஃப்ளூவின் அவதியைப் பட்டார்கள்.

மூக்கு, நுரையீரல், குடல் இவற்றின் உட்பரப்பில் வரிசையாக நிற்கும் எபிதீலியச் செல்கள்தான் வைரஸ் முதலில் மோதும் சுவர். தினமும் ஏதாவது வந்து மோதும் இடம். ஒவ்வொரு முறையும் ஊரையே எழுப்பினால் கட்டுப்படியாகுமா? 2003-இல் லாம்டா என்ற இன்னொரு வகை இன்டர்ஃபெரான் தெரியவந்தபோது விடை கிடைத்தது. அதன் ஏற்பி பெரும்பாலும் எபிதீலியச் செல்களில் மட்டுமே இருக்கிறது. உள்ளே ஓடும் கம்பி அதே ஸ்டாட் கம்பிதான்; வெளிவாசல்தான் வேறு. சுவர் மட்டும் உஷாராகும், ஊர் தூங்கும். எலிகளின் குடலில் ரோட்டா வைரஸை அடக்குவதில் லாம்டாவுக்கே பெரும்பங்கு.

சரி, அப்படியானால் லாம்டாவை வேண்டிய மட்டும் கொடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். நுரையீரலில் லாம்டா சமிக்ஞை நாள்கணக்கில் நீண்டால், அடிபட்ட எபிதீலியச் செல்கள் பெருகித் தங்களைச் சரிசெய்துகொள்வது தடைபடுகிறது என்று எலி ஆய்வுகள் காட்டின. ஓட்டை விழுந்த அந்தச் சுவர் வழியே பாக்டீரியா நுழைந்துவிடும்.