ஊர் கொடுத்த காசு

அவையோருக்கு வணக்கம்.

இளம் இசைக்கலைஞனுக்கு ஊர் கைகொடுப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கொடுத்த கை, பிடித்த பிடியை எப்போது விடும் என்பதையும் சேர்த்துப் பேச எனக்கு ஆசை. அதற்கு இத்தாலியின் ஓபரா (இசைநாடக) இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியை விடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

1813இல் லெ ரொன்கோலே என்ற சிற்றூரில், விடுதியும் மளிகைக் கடையும் நடத்தியவரின் மகனாகப் பிறந்த வெர்டியின் திறமையைக் கண்டுகொண்டவர், அருகிலிருந்த புசெத்தோ நகரின் வணிகர் அந்தோனியோ பரெட்ஸி. புல்லாங்குழல் வாசிப்பார்; ஊர் இசைக்குழு ஒத்திகை பார்த்ததே அவர் வீட்டில்தான். 1832இல் மிலான் இசைக்கல்லூரி, வயது கடந்தவர், வெளிநாட்டவர் (இத்தாலி அப்போது பல நாடுகளாகப் பிரிந்து கிடந்தது), பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை என்றெல்லாம் காரணம் காட்டிப் பதினெட்டு வயது வெர்டியைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. (பிற்காலத்தில் அதே கல்லூரி அவர் பெயரையே சூடிக்கொண்டது.) புசெத்தோவின் அறநிலையம் உதவித்தொகை தர இசைந்திருந்தும் பணம் உடனே வருவதாக இல்லை, அதுவரை மிலானில் தனி ஆசிரியரிடம் பயிலும் செலவைப் பரெட்ஸி தம் கையிலிருந்தே கொடுத்தார்.

சிக்கல் 1835இல் வந்தது. மிலானுக்கு அருகிலுள்ள மோன்ஸா நகரின் தேவாலயத்தில் வெர்டிக்கு நல்ல பணி கிடைக்கும் வாய்ப்பு தெரிந்ததும், நாங்கள் படிக்கவைத்தவன் நன்றி மறந்து எங்கே போகிறான் என்று புசெத்தோ கொதித்தெழுந்தது. தம்மால் பரெட்ஸி ஊர்ப்பகையைச் சுமக்க நேரும் என்பதொன்றே தம்மைத் தடுக்கிறது, மற்றபடி எந்த மிரட்டலும் தம்மை நிறுத்தியிராது என்ற பொருள்படத் தம் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, வெர்டி ஊர் திரும்பினார். நகர இசை ஆசிரியரானார். பரெட்ஸியின் மகள் மார்கெரித்தாவை மணந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை உதறிவிட்டு மிலான் சென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் குழந்தையையும் மனைவியையும் இழந்தார். முதல் குழந்தையை முன்னரே பறிகொடுத்திருந்தார். 1842இல் அவருடைய ‘நபுக்கோ’ ஓபரா அரங்கேறி அவரை நாடறியச் செய்தது.

ஊரும் பரெட்ஸியும் ஒன்றல்ல என்பதை வெர்டி மறக்கவேயில்லை. 1847இல் தம் ‘மக்பெத்’ ஓபராவை, தமக்குத் தந்தையாகவும் புரவலராகவும் நண்பராகவும் இருந்தவர் என்று சொல்லிப் பரெட்ஸிக்கே காணிக்கையாக்கினார். பின்னாளில், திருமணமாகாமலே பாடகி ஜுசெப்பினா ஸ்த்ரெப்போனியுடன் அவர் புசெத்தோவில் குடியேறியபோது ஊர் முகம் சுளித்தது. பரெட்ஸியும் வருந்தினார், ஆனால் உறவு முறியவில்லை. 1867இல் பரெட்ஸியின் உயிர் பிரிந்தபோது வெர்டியும் ஜுசெப்பினாவும் அருகில் இருந்தனர்.

அதற்கு மறு ஆண்டு புசெத்தோ, வெர்டியின் பெயரிலேயே ஓர் அரங்கைத் திறந்தது. அந்தத் திட்டமே அவருக்கு உவப்பாக இல்லை. எனினும் பத்தாயிரம் லிரா கொடுத்திருந்தார். அவருக்கென ஓர் இருக்கை மாடம் ஒதுக்கப்பட்டது. வெர்டி என்றால் இத்தாலிய மொழியில் பச்சை என்று பொருள் வருவதால், திறப்பு விழாவுக்கு மக்கள் பச்சை உடுத்தி வந்தார்களாம். சில கிலோமீட்டர் தொலைவில் சாந்த் அகாத்தாவில் வீடு வைத்திருந்த வெர்டி அன்றும் வரவில்லை, அதன் பிறகும் அந்த அரங்கில் கால் வைக்கவில்லை.