கடைசி வரியில் கிடந்த எண்

(பொறியியல் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் பேசுவது எப்படி என்று சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது, படபடப்பு எப்படிப் போகும் என்றெல்லாம் கேட்க வந்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு நிற்கப்போகிறவர்கள். அதன்பிறகு வேலைக்காலம் முழுக்க யாராவது ஒரு மேலதிகாரி முன்னால் ஸ்லைடு போட்டுப் பேசப்போகிறவர்கள். எனவே மூன்று பிரசன்டேஷன்களைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றும் அமெரிக்காவின் விண்வெளி ஓடங்களைப் பற்றியவை.

முதலாவது நடந்தது 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை புளோரிடாவிலிருந்து சேலஞ்சர் கிளம்ப வேண்டும். அங்கே கடும் குளிர். ஓடத்தோடு சேர்ந்து எரியும் பெரிய ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்தது மார்ட்டன் தயோகால் நிறுவனம். அந்த ராக்கெட் பல துண்டுகளை இணைத்துச் செய்தது. இணைப்பில் சூடான வாயு கசியாமலிருக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துக்கொண்டால் இடைவெளியை உடனே அடைக்காது என்று யூட்டாவில் இருந்த அந்நிறுவனப் பொறியாளர்கள் பயந்தார்கள். ரோஜர் பாய்ஜாலி அவர்களில் ஒருவர். அவசர அவசரமாக 13 தாள்கள் தயாரித்து, நாசாவுக்கு ஃபேக்ஸில் அனுப்பி, தொலைபேசி வழியாகவே வாதாடினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவக் கூடாது என்றார்கள்.

அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தத் தாள்களில் சேத விவரம் ஓரிடத்திலும் வெப்பநிலை வேறோரிடத்திலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஒரு படம் இல்லை. வாயு கசிந்த இரண்டு பயணங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று 53 டிகிரியில் போனது, மற்றது 75 டிகிரியில். 75-லும் கசிந்திருக்கிறதே, அப்புறம் குளிரை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று எதிர்முனையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் கையில் தயாராக இல்லை. "அப்படியானால் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று நாசா அதிகாரி ஒருவர் கேட்டது விசாரணைப் பதிவில் இருக்கிறது.

பின்னர் விசாரணை ஆணையம் எல்லாப் பயணங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தது. 66 டிகிரியிலும் அதற்கு மேலும் ஏவியவை 20. அவற்றில் 3-இல் மட்டுமே வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அதற்குக் கீழே ஏவியவை 4, நான்கிலுமே பாதிப்பு. இருபதில் மூன்று, நான்கில் நான்கு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். பயணங்களின் விவரம் எல்லாம் முன்பே இருந்ததுதான், அந்த இரவு யாரும் அதை இப்படிச் சேர்த்து வைக்கவில்லை.

பொறியாளர்கள் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் மன்றாடினார்கள். அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு ஏவலாம் என்று எழுதிக்கொடுத்தது அவர்களுடைய மேலாளர்கள்தான். அந்தப் பொறுப்பு மேலாளர்களுடையது. காலையில் ஏவும்போது 36 டிகிரி. 73 விநாடியில் ஓடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இரண்டாவது பிரசன்டேஷன் இரண்டே வாரத்தில் நடந்தது. விசாரணை ஆணையத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார். பிப்ரவரி 11 அன்று பொது விசாரணை, தொலைக்காட்சிக் கேமராக்கள் சுற்றி நிற்கின்றன. காலையிலேயே ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு சின்ன சி-கிளாம்ப் வாங்கி வந்திருந்தார். இணைப்பின் மாதிரி ஒன்று கைமாறி வந்தபோது அதிலிருந்து ரப்பரை எடுத்து, கிளாம்பில் இறுக்கி, ஐஸ் போட்ட தண்ணீர் டம்ளரில் போட்டார். உடனே பேச மைக் பொத்தானை அழுத்தப் போனவரை, பக்கத்தில் இருந்த ஜெனரல் குடைனா "இப்போது வேண்டாம்" என்று தடுத்தார். வேறு படங்களைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பைப் பற்றிய படம் திரையில் வரும் வரை இருவரும் காத்திருந்தார்கள். வந்ததும் ஃபைன்மன் ரப்பரை வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்திக் காட்டினார். 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சில விநாடிகளுக்காவது இந்தப் பொருள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்த நிருபர்களுக்கே முதலில் அதன் கனம் புரியவில்லை. இரவுச் செய்திகளில் அதுவே பேச்சானது. ஒரு டம்ளர், கொஞ்சம் ஐஸ், பத்து ரூபாய்ச் சாமான் மாதிரி ஒன்று! எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்பு. சொல்ல வேண்டியது கையில் ரெடியாக இருந்தும், கேட்பவர் மனம் அங்கே வந்துசேரும் வரை பொறுத்திருந்தாரே, அது பெரிய பேச்சாளர்களுக்கே கடினம்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. 2003 ஜனவரி 16-இல் கொலம்பியா கிளம்பியது. நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்தார். கிளம்பி 82 விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து, பவர்பாயிண்டில் போட்டு அதிகாரிகளிடம் விளக்கினார்கள்.

அந்த ஸ்லைடு இன்றும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. தலைப்பைப் படித்தால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, கணக்கைப் பாதுகாப்பாகத்தான் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதி வருகிறது. அதன் கீழே புள்ளிகள், அவற்றுக்குள் உள்புள்ளிகள், படிப்படியாகச் சின்னதாகும் எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில் இரண்டு எண்கள். மோதிய துண்டின் அளவு 1920 கன அங்குலம். சோதனை செய்து பார்த்திருந்தது 3 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது, இவ்வளவு பெரிய துண்டு மோதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த தேதியை மட்டும் அடியில் பொடி எழுத்தில் போட்ட கதைதான். ஒரு மூத்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, உயிர்போகும் விஷயம் இது என்று உணராமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழுவே எழுதியது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறியது. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். வேறு முடிவு எடுத்திருந்தால் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது தனி விவாதம். முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு விஷயம் போய்ச்சேரவில்லை என்பதில் விவாதமே இல்லை.

சரி, உங்கள் ரிவ்யூவுக்கு வருவோம். நான் பார்க்கிற ஸ்லைடுகளில் தலைப்பு "இன்ட்ரொடக்‌ஷன்", "மெத்தடாலஜி", "ரிசல்ட்ஸ்" என்றே இருக்கிறது. "ரிசல்ட்ஸ்" என்றால் என்ன ரிசல்ட்? "எங்கள் வடிகட்டி 40 நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது" என்று தலைப்பிலேயே போடுங்கள். அது உங்களுக்குச் சாதகமில்லாத முடிவாக இருந்தாலும் அங்கேயே போடுங்கள். ஸ்லைடைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள்: இவர்கள் எதை மட்டும் கேட்காமல் எழுந்து போய்விட்டால் என் பேச்சு வீண்? அந்த வாக்கியம் முதல் நிமிடத்திலேயே உங்கள் வாயால் வர வேண்டும். அதோடு, உங்களை மடக்கக்கூடிய கேள்வி எது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு படமாகத் தனியாக வைத்திருங்கள்.

பயத்தைப் பற்றிச் சுருக்கமாக. காந்தி பம்பாயில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார், வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கூச்சம்தான் தனக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். ஆகவே கூச்சம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு சொல் மறந்ததும் கண்கலங்கி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. விஷயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் வேறு துறை நண்பர் ஒருவரிடம் தமிழிலேயே முழுதும் சொல்லுங்கள். முடித்ததும் அவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். கோர்வை வந்த பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். நின்றுகொண்டு, வாய்விட்டு, முடிந்தால் அதே அறையில். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது.

பத்து நிமிடம் கொடுத்தால் எட்டில் முடித்துவிடுங்கள். மீதி, கேட்பவர்களின் நேரம். எனக்குக் கொடுத்த நேரமும் நெருங்கிவிட்டது. கேள்விகளைத் தொடங்கலாம். பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் கேளுங்கள், மைக் உங்களிடம் வருகிறது.